தொப்பி இறங்கின வாரம்

வாழைப்பழத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் நிற்பார் அவர். மாட்டுங்காவில் ஏறி குர்லாவில் வீடு போய்ச் சேர்வதற்குள் தோல் கறுத்துப் பையில் ஈரம் படிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் முறைப்பார்கள்.

"ஜன்னல் வழியா எறிஞ்சிருங்களேன்" என்று யாராவது சொன்னால், "எறியலாம். எறிஞ்சா எங்க போகும்?" என்று கேட்பார்.

அதைக் கிண்டலாகக் கேட்கமாட்டார். பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எதிராளிக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

"எங்க போனா உமக்கு என்னய்யா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அதுக்குப் போக ஒரு இடம் வேணும்லா?"

தாராவியில் நாங்கள் வேலை பார்த்த தோல் ஷாப்பில் அவருக்கு 'எங்கபோகும் அண்ணாச்சி' என்றே பெயர். தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். நான் செய்ததைச் சொல்கிற இடத்தில் அவர் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். யாராவது படிக்கக்கூடும்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இன்று ஐம்பதை நெருங்குகிறேன். ஊரில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலை ஆடிவிடும். இது அடக்கம் என்று பலர் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஷாப்பில் ஒருவனுடைய கையைப் பார்த்தே அவன் என்ன வேலை செய்கிறவன் என்று சொல்லிவிடலாம். சுண்ணாம்புக் குழிப் பக்கம் நிற்பவனுக்குக் கை வெளுத்து விரல் நுனி வெடித்திருக்கும். ஆவாரம்பட்டை ஊறுகிற குழிப் பக்கம் நிற்பவனுக்கு முழங்கை வரை செம்பழுப்பாக இருக்கும். நான் சுண்ணாம்புப் பக்கம். சுண்ணாம்பில் ஊறிய தோலைக் குப்புற வளைந்த மரத்தின்மேல் விரித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால், உள்ளே ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும். அதைச் சவ்வு என்போம். சவ்வு எடுத்த தோல் பட்டைக் குழிக்குப் போகும். பட்டைத் தண்ணீரில் கிடந்தால்தான் தோல் அழுகாது. எங்கள் தொழில் முழுவதுமே அதுதான், அழுகாமல் பார்த்துக்கொள்வது.

வழித்தெடுத்த சவ்வு ஒரு நாளைக்கு இரண்டு கைவண்டி சேரும். ஷாப்புக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் உப்பங்கழி. வண்டியைக் கரைக்குத் தள்ளிப் போய்க் கவிழ்த்துவிட்டு வருவோம். கடல் ஏற்றம் வந்தால் கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும். வற்றம் வந்தால் அங்கேயே கிடந்து நாறும். எங்கள் வரிசையில் இருந்த எல்லா ஷாப்பும் அப்படித்தான் செய்தது.

அண்ணாச்சி பம்பு பார்க்கிற வேலைக்கு வந்தவர். வந்த முதல் நாளே வண்டியை மறித்துக்கொண்டு நின்றார்.

"இது எங்கடே போகுது?"

"கழிக்கு" என்றேன்.

"அங்க போனா?"

நான் தலையாட்டினேன். கேள்விக்கு யாராவது தலையாட்டுவார்களா? அவர் சிரித்துவிட்டார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது.

கழியில் கோலி மீனவர்கள் வலை போடுவார்கள். அவர்களில் ஒரு நடுவயது அம்மாள், முழங்காலுக்கு மேல் சேலையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு சேற்றில் நடந்து நண்டும் இறாலும் பிடிப்பாள். எங்கள் வேலியோரம் வந்து மராத்தியில் வைவாள். யாரும் காது கொடுப்பதில்லை. அண்ணாச்சி மட்டும் பம்பை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்பார். அவருடைய மராத்தி பத்து வார்த்தைக்கு மேல் இராது. ஒருநாள் அவள் தண்ணீரைக் காட்டி, தன் வாயை அகலத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள். மடவை மீன்கள் மேலே வந்து இப்படிச் செய்கின்றன என்று சொன்னாள்.

அண்ணாச்சி திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"விசயம் புரியுதாடே? எந்தப் பொருளும் அழுகுறதுக்கு மூச்சு வேணும். தண்ணிக்குள்ள போட்டா தண்ணியில இருக்க மூச்ச அது எடுத்துக்கிடுது. பொறவு மீனுக்கு என்ன மிஞ்சும்? அதான் மேல வந்து வாயப் பொளக்குது."

"அப்ப அழுகாம வச்சிரணுமா அண்ணாச்சி?"

"அழுகட்டும். மூடி போட்டு அழுகட்டும். காத்தே படாம அழுகுற ஒரு முறை இருக்கு. நான் கண்ணால பாத்திருக்கேன்."

இங்கே வருவதற்கு முன் அவர் முனிசிபாலிட்டியின் கழிவுநீர் நிலையம் ஒன்றில் கூலியாக இருந்திருக்கிறார். அங்கே மூடிய தொட்டியில் கழிவு புளித்து, அதிலிருந்து கேஸ் வந்து, அதைக் கொளுத்தினால் நீலமாக எரிந்ததாம். தொட்டியிலிருந்து கடைசியில் வெளியே வருகிற தண்ணீருக்கு முக்கால்வாசி நாற்றம் போய்விடுமாம். அதைச் செடிக்கு ஊற்றலாமாம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைச் சொல்வதுபோலச் சொன்னார்.

முதலாளி இதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அது உலக யுத்தக் காலம். விறகு கிடைப்பது அரிது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். பட்டை ஊற வைக்க எங்களுக்கு வெந்நீர் வேண்டும். கேஸ் எரியும் என்றதும் முதலாளியின் காது அண்ணாச்சி பக்கம் திரும்பியது.

"எவ்வளவு விறகு மிச்சமாகும்வே?"

"பாதி மிச்சமாகும் மொதலாளி. கழிக்கும் நல்லது."

"கழிய விடும். விறகச் சொல்லும்."

ஷாப்பின் பின்மூலையில், தோல் அடுக்குகிற இடத்தில் கொஞ்சம் ஒதுக்கித் தந்தார். இரு கையையும் விரித்த அகலத்தில் குழி வெட்டி, செங்கல் வைத்துப் பூசி, உடைந்த பாய்லரின் மேல் பாகத்தைக் கவிழ்த்து அதன்மேல் மிதக்கவிட்டார் அண்ணாச்சி. அதற்குத் 'தொப்பி' என்று பெயர் வைத்தோம். உள்ளே கேஸ் சேரச் சேர தொப்பி உயரும். குறைந்தால் இறங்கும். பக்கவாட்டில் சாக்கட்டியால் விரற்கடை விரற்கடையாகக் கோடு போட்டிருந்தார்.

எருமைத் தொழுவத்திலிருந்து சாணி கொண்டுவந்து கரைத்து ஊற்றினோம். நன்றாகக் கழுவி நறுக்கிய சவ்வைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அந்த வேலைக்கு என்னைக் கேட்டு வாங்கினார். "இவன் சொன்னதச் செய்வான்" என்றார்.

என்னென்ன போடலாம், என்னென்ன போடக்கூடாது என்று எனக்குச் சொன்ன அன்று, பக்கத்தில் தொப்பிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி காதில் விழவில்லை. நான் வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் தொப்பி அசையவில்லை. ஷாப்பே கேலி செய்தது.

"என்ன அண்ணாச்சி, சவ்வு குஞ்சு பொரிச்சிருச்சா?"

"அடைகாக்க நீரே மேல ஏறி உக்காந்திரும்!"

அவர் கோபப்படமாட்டார். காலையில் வந்ததும் தொப்பியில் காதை வைத்துக் கேட்பார். தூங்குகிற குழந்தையின் நெஞ்சில் வைப்பதுபோல மெதுவாக வைப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ கேளு" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் தலையாட்டுவேன்.

தொட்டிக்கு இலையும் பூவும் சேர்த்தால் நல்லது என்று ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலுக்குப் போனார். முந்தின நாள் மாலைகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு குருக்கள் வெளியே வந்தார்.

"சாமி, இந்தப் பூ எங்க போகும்?"

"சமுத்திரத்துல சேர்ப்பா. ஏன்?"

"தாராவியில ஒரு தொட்டி வச்சிருக்கோம். தந்தீங்கன்னா..."

"என்னது, தோல் ஷாப்பிலயா? நிர்மால்யத்தையா? ஓய், உமக்குச் சித்தம் கலங்கிடுத்தா?"

"சமுத்திரத்துக்குப் போறதில்லயே சாமி. அந்தா, அந்தச் சாக்கடைக்குத்தான் போகுது. நாலு வாரமா நின்னு பாத்தேன்."

குருக்கள் கூடையைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். பிறகு கூடையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி பூவைச் சாக்கில் கொட்டிக்கொண்டு, கூடையைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு வந்தார். நான் தெருவின் எதிர்ப்பக்கம், யாரோ போல நின்றுகொண்டிருந்தேன்.

தொப்பி ஒருநாள் காலையில் இரண்டு கோடு உயர்ந்திருந்தது. ஒரு வாரத்தில் எட்டுக் கோடு. குழாயில் தீக்குச்சியைக் காட்டினார். 'பக்' என்று ஒரு சத்தம். நீலமாக, வாழைப்பூ மடல் அளவுக்கு நின்று எரிந்தது. ஷாப்பே கூடி நின்று பார்த்தது. அதில் பால் காய்ச்சி டீ போட்டு, முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தார். மற்றவர்கள் வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டார்கள்.

"அழுகின சவ்வுல வந்த கேஸ்ல டீயா? நீரே குடியும்வே!"

எனக்கும் குடிக்கப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோலக் காட்டிவிட்டு, அவர் திரும்பிய நேரத்தில் வேலியோரம் ஊற்றிவிட்டேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

"எங்கடே ஊத்துன?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "போகட்டும். மண்ணுக்குத்தானே போச்சு."

அன்றே நான் ஏதாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் செய்வது அவருக்குத் தெரிந்துவிடும் என்றாவது, தெரிந்தாலும் அவர் திட்டமாட்டார் என்றாவது. இரண்டில் ஒன்று புரிந்திருந்தால் பின்னால் வாயைத் திறந்திருப்பேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. எங்கள் ஷாப்பின் இரண்டு வண்டியில் ஒரு வண்டி கழிக்குப் போவது நின்றது. தொட்டியிலிருந்து வந்த தண்ணீரில் ரயில் லைன் பக்கம் கீரைப்பாத்தி போட்டார். கோலி அம்மாள் ஒருநாள் உலர்ந்த பொம்பில் கருவாடு ஒரு கட்டு கொண்டுவந்து, "அண்ணா, கே" என்று, வாங்கிக்கொள்ளச் சொல்லி வேலிக்கு மேலாக நீட்டினாள். எங்கள் கரையோரம் மறுபடியும் நண்டு ஏறுகிறதாம். அவர் அந்தக் கருவாட்டை ஷாப்பில் எல்லோருக்கும் பங்கு வைத்தார். டீ வேண்டாம் என்றவர்கள் கருவாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் முனிசிபாலிட்டி அதிகாரி ஒருவர் தொட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அண்ணாச்சியே ஆள் பிடித்து மனு எழுதிப் போட்டிருந்தார். அதிகாரிக்குத் திருப்தியானால் வரிசையில் இருக்கிற எல்லா ஷாப்பும் தொட்டி கட்ட வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள், ஒரு வண்டிகூடக் கழிக்குப் போகாது என்று அண்ணாச்சி நம்பினார். முதலாளி வேறு விதமாகச் சொன்னார்.

"வாரவன் மூக்கப் பொத்திக்கிட்டுப் போனான்னா எனக்குத்தான் மானக்கேடு. அன்னைக்கு கேஸ் எரியணும். எரியலன்னா குழிய மூடிருவேன். எனக்குத் தோல் அடுக்க இடமில்ல."

அதிகாரி வர எட்டு நாள் இருந்தது.

செய்தி வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வடாலாவில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். குளித்து, சந்தன சோப்பு போட்டு, வெளுத்த சட்டை உடுத்திப் போனேன். காப்பி கொடுத்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள். படி இறங்கும்போது மேலே பெண்ணின் அண்ணன் சொல்வது கேட்டது: "கதவத் தொறந்து வைங்க. வாடை போகட்டும்." அவன் மெதுவாகச் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன். என் சட்டைத் தோளைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"ஆமா, நாறுது" என்றார். "எனக்குந்தான் நாறுது. என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டியின் வாயை, சவ்வு போடுவதற்காகத் தினமும் நான்தான் திறப்பேன். திறக்கும்போது ஒரு நாற்றம் வரும். அதிகாரி வந்து, அவர் முன்னால் நான் திறந்து, அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவர் மூக்கைப் பொத்தினால் அது தொட்டிக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்காக என்றே தோன்றியது.

பட்டைத் தண்ணீருக்கு நல்ல வாசனை உண்டு. புளிப்பும் இனிப்புமாக இருக்கும். நாறுகிற தோலை அதில் போட்டால் நாற்றம் அடங்கிவிடும். அது எங்கள் கண்முன்னால் தினம் நடப்பது. ஷாப்பில் பிறந்த எலிக்குக்கூடத் தெரியும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை, யாரும் வருமுன், புதிதாகப் பட்டை ஊறிய குழியில் முழங்கை வரை முக்கி ஆறு குடம் மொண்டு தொட்டிக்குள் ஊற்றினேன். நாற்றம் உடனே குறைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். புதன்கிழமை ஆறு குடம். வியாழக்கிழமை ஆறு குடம். அவரிடம் சொல்லவில்லை. அதிகாரி வந்து மூக்கைப் பொத்தாமல் போன பிறகு சொல்லி, அவர் ஆச்சரியப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை தொப்பி மூன்று கோடு இறங்கியிருந்தது.

அவர் காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். எழுந்து சோப்பைக் கரைத்துத் தொப்பி முழுவதும் பூசி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. "சாணி பழசோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு புதுச் சாணி கொண்டுவரப் போனார். நான் அப்போது தொப்பியில் அடித்திருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆணியை அடித்த அன்று அவர் என்ன சொன்னார் என்பது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. சுத்தியல் சத்தத்துக்கு நடுவே, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "பட்டைத் தண்ணிய மட்டும் இதுங்கிட்ட காட்டிராத. அழுகவிடாம நிறுத்துறதுதான் அதுக்கு வேல. நமக்கு இங்க அழுகணும்." நான் தலையாட்டியிருந்தேன்.

திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டார்.

"சவ்வ நல்லாக் கழுவுனியா? சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சா?"

"நல்லாக் கழுவுனேன் அண்ணாச்சி."

"வேற எதும் விழுந்துச்சா?"

"இல்ல."

அந்த ஒரு வார்த்தை. அதற்கு முன் நான் செய்தது அறியாமல் செய்தது. யாராயிருந்தாலும் மன்னித்திருப்பார்கள். அன்றே சொல்லியிருந்தால் பாதியை இறைத்துவிட்டு, புதுச் சாணி கரைத்து, அதிகாரியை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பார். அந்த 'இல்ல'க்குப் பிறகு சொல்வதற்கு இரண்டு குற்றம் ஆகிவிட்டது. சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை தொப்பி மேலும் நாலு கோடு இறங்கியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஞாயிறு முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், சுவரைப் பார்த்து. திங்கட்கிழமை அவரே என் தோளில் கைவைத்து, "பயப்படாதடே, எரிஞ்சிரும்" என்றார். அதன் பிறகு எப்படிச் சொல்வேன்?

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கூட ஒரு குமாஸ்தா. முதலாளி கோட்டு போட்டிருந்தார். தொப்பி கடைசிக் கோட்டுக்கும் கீழே உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார். குச்சி எரிந்து அவர் விரலைச் சுட்டது. இரண்டாவது குச்சி. மூன்றாவது குச்சியும் கரிந்தது.

"க்யா அண்ணா, மாச்சிஸ் கா டெஸ்ட் ஹை க்யா?" என்றான் குமாஸ்தா. தீப்பெட்டிக்குத்தான் பரீட்சையா என்று கேட்டுச் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். எதையோ குறித்துக்கொண்டு, முதலாளிக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். மூக்கைப் பொத்தவும் இல்லை. நாற்றமே இல்லையே.

தொப்பியைத் தூக்கச் சொன்னார் முதலாளி. நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். உள்ளே தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அண்ணாச்சி கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். ஒரு வாரமாகப் போட்ட சவ்வு கரையாமல், அழுகாமல், துண்டு துண்டாகச் சிவந்து கெட்டியாக இருந்தது. ஒரு துண்டை மடக்கிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். முகர்ந்தார். நல்ல தோலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சவ்வு பதமாகியிருந்தது.

பிறகு தலையைத் தூக்கினார். சுற்றி நின்றவர்களுடைய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டைக் குழிக்காரர்கள் கை சிவப்பு. அது அப்படித்தான் இருக்கும். என் கை சுண்ணாம்புக் கை. வெளுப்பாக இருக்க வேண்டிய கை. நான் பின்னால் கட்டிக்கொண்டேன். சற்றுத் தாமதமாகக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"என்னவே ஆச்சு? சொல்லித் தொலையும்" என்றார் முதலாளி.

"எங் கணக்கு தப்பிப்போச்சு மொதலாளி" என்றார் அண்ணாச்சி.

"சாயங்காலத்துக்குள்ள இத அள்ளிக் கழியில கொட்டிக் குழிய மூடணும்."

"கழியில வேண்டாம் மொதலாளி. மொத்தமா விட்டா தாங்காது. லைன் பக்கம் குழி வெட்டி மண்ணுல பரத்திருதேன். நாலு நாள் குடுங்க."

"நாலு நாள் தோல எங்க வைக்க, உம்ம தலையிலயா?"

நாலு மாதச் சேறும் பட்டைத் தண்ணீரும் வாளி வாளியாகக் கழிக்குப் போனது. வற்ற நேரம். தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. நானும் வாளி எடுத்தேன். எடுக்காமல் எப்படி நிற்பது?

மறுநாள் காலை கரை முழுக்க மடவை மீன் வயிற்றைக் காட்டிக் கிடந்தது. விரல் அளவுக் குஞ்சுகள் கணக்கில்லை. நண்டுகள் தண்ணீரை விட்டு வெளியே வந்து வேலிக் கம்பியில் தொத்திக்கொண்டிருந்தன. கோலி அம்மாள் வெறும் கூடையோடு வந்து வேலியருகில் நின்றாள். வையவில்லை. "கோணி கேலா, அண்ணா?" என்று கேட்டாள். யார் செய்தது என்று.

நான் அண்ணாச்சிக்கு இரண்டடி பின்னால் நின்றேன்.

"மீ கேலா" என்றார் அவர். நான்தான் செய்தேன் என்று. பிறகு தனக்குத் தெரிந்த அந்தப் பத்து வார்த்தையில் இன்னும் இரண்டைத் தேடி எடுத்தார். "மாஜி சூக்." என் தப்பு.

அவள் நின்றது கருவாடு கொண்டுவந்து நீட்டிய அதே இடம். காறி வேலிக்கு இந்தப் பக்கமாகத் துப்பிவிட்டு, சேற்றில் இறங்கி நடந்து போனாள். எச்சில் அவர் காலருகில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் ஷாப்பை விட்டுப் போனார். குர்லாவில் ஒரு பட்டறையில் பம்பு பார்க்கிறார் என்று சொன்னார்கள். குர்லா ரயிலில் இரண்டு ஸ்டேஷன். நான் போனதில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை போயிருக்கிறேன். பிறகு அவர் இறந்துபோனதும் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. குழி இருந்த இடத்தில் தோல் அடுக்கினார்கள். இரண்டு வண்டியும் பழையபடி கழிக்குப் போயிற்று. நான்தான் தள்ளினேன்.

ஆனால் அந்தக் காலையில் இன்னும் கொஞ்சம் நடந்தது. அதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

கோலி அம்மாள் போன பிறகு அவர் திரும்பினார். நான் கையைக் கட்டிக்கொள்ள மறந்து நின்றேன். என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"புளியக் கரச்சுத் தேய்" என்றார். "போயிரும்."

நான் தலையாட்டினேன்.

அவர் பம்பு பக்கம் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போதாவது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

"கழுவுன தண்ணியக் கழியில விட்டுராதடே. கீரைப்பாத்தியில ஊத்து" என்றார்.

மளிகைக்கடையில் கொஞ்சம் புளி வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், பட்டைக் குழிக்காரர்களும் இருந்தார்கள். என் கையைப் பார்த்தால் அவர்களுக்கும் தெரிந்துவிடும். திரும்பிவிட்டேன். வேலியைச் சுற்றி, செத்த மீன்களுக்கு நடுவே கால் வைத்து இறங்கி, கழியிலேயே கையை முக்கித் தேய்த்தேன். சாயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. தண்ணீர் சிறிது தூரம் செம்பழுப்பாகப் போயிற்று. அது எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை.